லிட்டருக்குப் பதினொன்று

மார்ச் 3, திங்கள்

நேற்று டாங்கை நிரப்பிக் கணக்குப் போட்டேன். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர். இந்த வண்டி பதினைந்துக்குக் குறைந்து ஓடியதே இல்லை. பழைய கார்தான், பதினாறு வயது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு. அதற்காக நான் இப்போது இரண்டு பேர் சாப்பாட்டையா சாப்பிடுகிறேன்?

தங்கையிடம் சொன்னேன். "வயசாச்சுல்லக்கா வண்டிக்கு" என்றாள், டீயை ஊதிக்கொண்டே. வயதாகிவிட்டது என்பது காரணம் இல்லை. காரணம் தேடச் சோம்பல்படுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சாக்கு. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கலங்கலாக ஒரு பாட்டில் வந்தால், 'குழாய்க்கு வயதாகிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட முடியுமா? இருபத்தொன்பது வருடம் நான் அந்த வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வண்டி எங்கள் இரண்டு பேருக்கும் பொது. வார நாட்களில் அவள் எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள். எனக்குக் கூடத்தின் வேன் வரும். சனி, ஞாயிறு நான் ஓட்டுவேன். அவள் கணவர் தவறிப்போய் என்னோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இதுவரை ஒரு பிசகும் வந்ததில்லை.

மார்ச் 5

மாடி வீட்டுக்காரர் பிரசங்கிக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. பிரசங்கி என்பது நான் வைத்த பெயர். வாசலில் யாராவது தும்மினால்கூட அதைப் பற்றிப் பேச மாடியிலிருந்து இறங்கி வருவார். இன்று கையில் ஒரு காந்தத்தோடு வந்தார். பெட்ரோல் குழாயில் கட்டிவிட்டால் பெட்ரோலின் 'அணுக்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிடுமாம்'. அவை வரிசையில் நின்று என்ன செய்யப் போகின்றன, டிக்கெட் வாங்கவா?

"நீங்க முதல்ல உங்க தலையில கட்டிப் பாருங்க, வரிசையா வருதான்னு" என்றேன். தங்கை கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 8, சனி

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு அள. எங்கள் கூடத்துச் சட்டம் இது.

முதலில் டயர். நான்கிலும் காற்று குறைவு. பின்பக்கத்து ஒன்று மெத்தை மாதிரி இருந்தது. ஏற்றினேன். காற்றுப் பிடிக்கும் ஆள் அளவு எத்தனை என்று கேட்காமலே அடிக்கத் தொடங்கினான். வண்டிக் கதவிலேயே ஒட்டியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்றேன். தெரியும் என்றான். அப்படியானால் அது இன்னும் மோசம்.

மார்ச் 16

அரைக் கிலோமீட்டர் கூடியிருக்கிறது. அவ்வளவுதான். இது போதாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். கூடத்தில் எத்தனையோ சாக்கடைத் தண்ணீரை வடிகட்டியிருக்கிறேன், இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததில்லை. புதிதாகப் போட்டாயிற்று.

மார்ச் 18

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். இவனுக்கு நான் வைத்த பெயர் 'பாத்துக்கலாம்'. என்ன கேட்டாலும் அதுதான் பதில். பிளக் கருத்திருக்கிறதா? பாத்துக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? பாத்துக்கலாம். எப்போது தருவாய்? பாத்துக்கலாம். கல்யாணத்தன்று பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் இதைத்தான் சொல்லியிருப்பான். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மார்ச் 19

பிளக் மாற்றியிருக்கிறான். பிரேக்கைப் பார்க்கவில்லை. வீடு வந்ததும் நானே குனிந்து ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டேன். மூன்று வெதுவெதுப்பு. இடதுபக்கத்துப் பின்சக்கரம் மட்டும் கையைச் சுட்டது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது! வண்டி இத்தனை நாளும் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது, பாவம்.

திருப்பிக் கொண்டுபோய் அவன் கையைப் பிடித்துச் சக்கரத்தில் வைத்தேன். "அட ஆமா மேடம்" என்றான். அட ஆமாவாம்.

தங்கையிடம் சொன்னபோது, "அப்ப சரியாயிடுச்சா? இனிமே பாக்க வேண்டாமா?" என்றாள். கொஞ்சம் அவசரமாகவே கேட்டாள் என்று பட்டது.

மார்ச் 30, ஞாயிறு

பன்னிரண்டு.

டயர், ஃபில்டர், பிளக், பிரேக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் மூன்று கிலோமீட்டர் எங்கே போகிறது? டாங்கில் ஒழுக்கு இல்லை. இரண்டு நாள் அடியில் அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன். பெட்ரோல் வாடையும் இல்லை. எஞ்சின் சூடு முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

அப்படியானால் குறை வண்டியில் இல்லை. ஓட்டுகிறவர் காலில்.

அவள் காலில்.

ஏப்ரல் 1

இந்த வாரம் வண்டி என்னிடம், நீ பஸ்ஸில் போ என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"இந்த வாரமேவா?"

"ஏன், இந்த வாரம் என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா கேட்டேன்."

பஸ்ஸில் போவது அத்தனை பெரிய தண்டனையா? ஊரில் பாதிப் பேர் அதில்தான் போகிறார்கள். ராணி மாதிரி ஏசி போட்டுக்கொண்டு போய்ப் பழகிவிட்டாள்.

ஏப்ரல் 3

தங்கைக்குத் திடீரென்று ஆரோக்கிய ஞானம் பிறந்திருக்கிறது. சாயங்காலம் வந்ததும் செருப்பை மாற்றிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாள். தெருமுனைக் கடைக்குப் போவதற்கே ஆட்டோ வருமா என்று பார்க்கிறவள். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். போன தடவை யோகா செய்யப் பாய் வாங்கினாள். அதன்மேல் இப்போது ஊறுகாய் ஜாடிகள் காய்கின்றன.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் ஓட்டிய வாரம்: பதினைந்து. துல்லியமாகப் பதினைந்து. வண்டி நிரபராதி.

ஏப்ரல் 13

அவள் ஓட்டிய வாரம்: பதினொன்றரை.

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? "நீ ஆக்ஸிலேட்டரை மிதிக்கற மிதியில வண்டி அழுவுது" என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. "இருக்கும்க்கா" என்றாள். செய்யாத குற்றத்தை யாராவது இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார்களா? அல்லது — தெரியவில்லை. இப்படி உடனே தலையாட்டுகிற ஆளை எனக்குப் பிடிப்பதில்லை.

ஏப்ரல் 16

இன்று லீவு போட்டேன். அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து கடைவரை போனேன், சாயங்காலம் கடையிலிருந்து கூடவே திரும்பினேன். அவள் வழக்கமாகப் போகிற அதே வழி, அதே நெரிசல்.

ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் இது என் நாட்குறிப்பு, பொய் எழுதி என்ன லாபம்? அவள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். மிதிக்கவே இல்லை. சிக்னல் தூரத்தில் சிவப்பாகும்போதே காலை எடுத்துவிடுகிறாள். யாரோ குறுக்கே வந்தபோது நான்தான் கெட்ட வார்த்தை சொன்னேன், அவள் இல்லை.

காலையில் நிரப்பிவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். திரும்பி வந்து மறுபடி நிரப்பினேன். பதினைந்து.

அப்படியென்றால் வழியும் குற்றவாளி இல்லை, காலும் இல்லை. நான் கூட இருந்தால் பதினைந்து. நான் இல்லாவிட்டால் பதினொன்றரை.

பெட்ரோலை யாரோ திருடுகிறார்கள்.

ஏப்ரல் 18

கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் கடைக்குப் பின்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கே நேராகப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. காவலாளி நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இதுதான் காவல்.

"இங்க நிக்கற வண்டியிலேர்ந்து பெட்ரோல் போவுது. யார் எடுக்கறா?" என்றேன்.

பதறி எழுந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் கை வைக்க மாட்டாங்கம்மா. எந்த வண்டி? அந்தச் சாம்பல் கலரா? அந்தம்மாவுது காலையில வந்தா வந்த இடத்துல நிக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் முதல்ல வெளிய போறதே அந்த வண்டிதான். கடை ஷட்டரை இறக்கறதுக்கு முன்னாடியே அவங்க வந்துடுவாங்க."

"தப்பாச் சொல்றீங்க. அவங்களுக்குத்தான் தினம் லேட்டாவுதே, ஸ்டாக் எடுக்கறது, கூட்டம்னு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வண்டியத்தான் பாக்கறேன். மத்தது எனக்குத் தெரியாதும்மா."

கடையிலிருந்து வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவள் வந்து சேர்வது இருட்டத் தொடங்கும்போது.

நடுவில் எங்கே போகிறாள்? எங்கும் போகவில்லை, போயிருந்தால் கிலோமீட்டர் காட்டியிருக்கும். கிலோமீட்டர் கூடாமல் பெட்ரோல் மட்டும் எப்படி —

அட. ஓடாமல் நின்றால்!

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நிற்கிறது. ஏசியும் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் போகும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 21

வேன் டிரைவரிடம் விளையாட்டுத் திடல் வளைவிலேயே என்னை இறக்கிவிடச் சொன்னேன். கடையிலிருந்து வருகிற வழியில் நிழலுள்ள இடம் அது ஒன்றுதான்.

வண்டி அங்கேதான் நின்றது, மரத்தடியில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு. புகைக்குழாய் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் ஏசித் தண்ணீர் சொட்டி ஒரு சின்னக் குளமே தேங்கியிருந்தது. வந்து வெகு நேரம் ஆகியிருக்கும் என்பதற்கு அந்தக் குளம் போதும்.

உள்ளே அவள் மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டில் மடக்கி வைத்து, ஸ்டியரிங்குக்கு மேல் போனைச் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

சோடாக் கடைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு முன்னால் வந்துவிட்டேன்.

"கடையில இன்னிக்கும் கூட்டமா?"

"ஆமாக்கா. ஸ்டாக் எடுத்தாங்க."

ஏப்ரல் 22

ஸ்டாக்காம்.

ஏப்ரல் 23

ஐம்பது வயசு. ஐம்பது! முட்டிக்குத் தைலம் தேய்க்க என்னைக் கூப்பிடுகிறவள்.

ஏப்ரல் 25

நான் எதுவும் கேட்கவில்லை. அவள் என்னவெல்லாம் சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று ஸ்டாக். இன்று யாரோ ஒரு வாடிக்கையாளர் எட்டு ஃப்ரேம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாராம். அந்த ஆளை நடித்துக்கூடக் காட்டினாள். எவ்வளவு சரளமாக வருகிறது! இந்தத் திறமையோடு மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறாளே.

போன் எதற்குக் காரில்? இந்த வீட்டில் மூன்று அறை இருக்கிறது. அவளுக்கென்று தனி அறை. கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. நானா போய்க் காதை வைத்துக் கேட்கப் போகிறேன்?

சரி. சுவர் மெல்லிசுதான். அவள் புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும், சுவரை நானா கட்டினேன்?

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று வெடித்துவிட்டது. சாப்பிடும்போது.

அவள் ஓட்டும் வாரத்தில் பன்னிரண்டுக்கு மேல் ஏறவே இல்லை என்று நான் ஆரம்பித்தேன். அவள், "விடேன்க்கா, வண்டியையே வித்துடலாம்" என்றாள். அப்போதுதான் எனக்குத் தலைக்கேறியது. எது போனாலும் இந்த ரகசியம் போகக் கூடாதாம்!

"திடலாண்ட வண்டியப் போட்டுக்கிட்டு யார்கிட்டடி இளிக்கற தினமும்?" என்று கேட்டேன். இளிக்கற என்றுதான் கேட்டேன். வேறு சொல் வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டை நகர்த்திவைத்தாள்.

"ஒருத்தர்கிட்ட. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"யாரு அவன்?"

"கடைக்கு வந்தவர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். வாரம் பூரா வெளியூர்ல வேலை, அதான் போன்ல."

"லிஃப்டா? ஏறவும் இறங்கவும் தவிர வேற ஒண்ணும் தெரியாத பொழப்பு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"பாத்தியா? ஒரு நிமிஷம்கூட ஆவல."

"என்ன ஆவல?"

"மாடியில இருக்கறவரோட பேரு எனக்கு மறந்தே போச்சுக்கா. பிரசங்கிதான். மெக்கானிக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, சின்னது பேசாது. அது உனக்குத் தெரியுமா? உனக்குப் பாத்துக்கலாம்தான் தெரியும். எனக்கும் அப்படியே ஆயிடுச்சு. நீ ஒரு பேரு வெச்சேன்னா அதுக்கப்புறம் எனக்கு அந்த ஆளோட முகமே தெரிய மாட்டேங்குது. அந்தப் பேருதான் தெரியுது. நானும் சிரிக்கறேன். நீ சொன்னா சிரிப்பு வருது, என்ன பண்றது? இவருக்கு நீ பேரு வெக்கறதுக்கு முன்னாடி, கொஞ்ச நாளைக்கு நானா பாத்துக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான். அதுக்குத்தான் அந்தப் பெட்ரோல்."

எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். என் தட்டையும் சேர்த்துக் கழுவினாள்.

ஏப்ரல் 28

நான் சொன்னதில் எது பொய்? பிரசங்கி பிரசங்கிதானே. காந்தத்தை நானா கொண்டுவந்தேன்?

ஏப்ரல் 29

லிஃப்ட்காரருக்குப் பெயர் தயாராகத்தான் இருக்கிறது. அன்றைக்கே வந்துவிட்டது. நன்றாகவும் இருக்கிறது. எழுதவில்லை.

மே 4, ஞாயிறு

அந்த ஆள் வீட்டுக்கு வந்தார்.

இப்படிப்பட்ட ஒருவருக்காகவா என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது — கண்ணாடிக் கடைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்! தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிறார், அதுவும் சத்தமாக. நான் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறேன் என்றதும், "குடிச்சுப் பாத்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். இருபத்தொன்பது வருடத்தில் இதைக் கேட்காத ஆளே இல்லை.

"நான் உங்கள எப்படிக் கூப்பிடறது? அக்கான்னா, அண்ணின்னா?"

"கூப்பிடாமலேயும் பேசலாம்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கடைசிவரை என்னை எப்படியும் கூப்பிடாமலே பேசினார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் லேசாக இருமினார். கிண்டலா, பணிவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை.

சின்ன வயதிலிருந்தே, யார் எதைச் சொன்னாலும் என் தங்கை முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். சிரிக்கலாமா, கூடாதா என்று. அவள் முதல் கல்யாணத்தின்போதும் அப்படித்தான், அந்தக் கணவர் போனபோதும் அப்படித்தான். அழுவதற்கு முன்னால்கூட என்னைப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள். அது எனக்குத் தெரியும். எனக்குப் பிடித்தும் இருந்தது.

இன்று அந்த ஆள் ஏதோ சொன்னார், ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையைப் பற்றி. சுமாரான கதை. என் முகத்தை நான் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவள் திரும்பவே இல்லை. நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள், பல் தெரிய.

நான் எழுந்து டீப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். கழுவ அதில் ஒன்றும் இல்லை.

மே 7

"நாலு மாசத்துல திரும்பி வருவ பாரு" என்று அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா கதவத் தெறப்பல்ல?"

என்ன கேள்வி இது. என் அறைக்கு வந்துவிட்டேன்.

பிறகு போய், "தெறக்காம?" என்றேன். அவள் குளியலறையில் இருந்தாள். கேட்டதோ, இல்லையோ.

மே 19

பதிவு அலுவலகத்தில் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அந்த அதிகாரி தன் பேனாவை மூன்று இடத்தில் தேடிவிட்டு என்னுடையதை வாங்கினார். திருப்பித் தரவும் மறந்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் கையில்தான் மனிதர்களின் வாழ்க்கை இருக்கிறது. கேட்டு வாங்கினேன்.

அவருடைய வீடு கடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே; வேலையையும் உள்ளூருக்கே மாற்றிக்கொண்டுவிட்டாராம். இனி அவள் நடந்தே வேலைக்குப் போகலாம். வண்டி உனக்கே என்று சொல்லிவிட்டாள். இரண்டு பெட்டியும், யோகா பாயும் எடுத்துக்கொண்டு போனாள். ஊறுகாய் ஜாடிகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மே 22

பிரசங்கி இறங்கி வந்து, தனியாக இருப்பவர்கள் மீன் வளர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். "மீனாவது உங்களக் கேட்டுக்கிட்டு இருக்கும்னு பாக்கறீங்களா?" என்று அருமையாக ஒன்று வாயில் வந்தது. சொல்லவும் சொன்னேன்.

கதவுக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் சங்கடமாகச் சிரித்துவிட்டு மாடியேறினார். அவருக்கு முழங்கால் வலி போலிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். எப்போதிலிருந்து இப்படி?

ஜூன் 1, ஞாயிறு

நிரப்பினேன். பதினைந்தே கால். இந்தக் கணக்கைத் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை வந்ததில்லை.

சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஜூன் 2

சுவர் மெல்லிசு என்று எழுதினேன் அல்லவா. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராமல் இருந்தால் அதுவும் கேட்கிறது.

ஜூன் 10

மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றப் போயிருந்தேன். சின்னப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். இப்போது ஒரு டீச்சரிடம் போகிறாளாம், கையாலேயே நிறையப் பேசுகிறாளாம். 'பசிக்குது' என்று கையால் செய்து காட்டினான், 'போடா' என்றும் காட்டினான். இரண்டாவதை அவள் தினமும் அவனிடம் சொல்கிறாளாம். பிழைக்கத் தெரிந்த பெண்.

ஆயிலை மட்டும் வழக்கம்போல் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டான். எடுக்கச் சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

தங்கை போன் செய்தாள். குரலே சரியில்லை. நாலு மாதம் என்று சொன்ன என் வாய்தான் பலித்துவிட்டதோ — கடைசியில் பார்த்தால், திரைச்சீலைக் கம்பி.

"கோணலா அடிச்சு வெச்சிருக்காருக்கா. நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. வாசல்லேர்ந்து பாத்தா அப்படியே சரிஞ்சு இருக்கு. ரெண்டு நாளா எங்களுக்குள்ள பேச்சே இல்ல."

"எத வெச்சு அடிச்சாரு?"

"ரசமட்டம் வெச்சுத்தான். அதுக்காக?"

"அப்ப கம்பி நேராத்தான் இருக்கும். உங்க வீட்டுக் கூரைதான் கோணல். கம்பியக் கூரையோட சேத்துப் பாக்காத, தரையோட சேத்துப் பாரு. தினம் லிஃப்ட நேரா நிறுத்தறவருக்குத் தெரியாதா எது நேருன்னு?"

 

"அக்கா" என்றாள். "நீ அவருக்கா பரிஞ்சு பேசற?"

"நான் யாருக்கும் பேசல. இருக்கறதச் சொல்றேன். கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ, உன் கண்ண மொதல்ல காட்டிட்டு வா."

வெடித்துச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே யாரிடமோ, "அக்கா என்னா சொல்றா தெரியுமா" என்று சொல்வது கேட்டது. பேச்சே இல்லை என்றாளே, அதுவும் அவ்வளவுதான். பிறகு போனில் ஓர் இருமல்.

"ரொம்ப நன்றிங்க" என்றார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். அளந்து பாக்காம நான் யாருக்கும் சர்டிஃபிகேட் தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன். அக்கான்னே கூப்பிடுங்க, தினம் இருமினா தொண்டைக்கு ஆகாது."

ஞாயிறன்று என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. நாளை கேட்க வேண்டும்.